தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் கூலன்ட் கசிவு: வீட்டு வாசலிலேயே சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்ப இன்னும் ஐந்து நாள். காலையில் பானட்டைத் திறந்தபோது ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. ஆனால் சில நாட்களாகவே வண்டியை நிறுத்தி இறங்கும்போது வெல்லப்பாகு காய்வதைப் போன்ற இனிப்பு வாடை மூக்கில் பட்டுக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துத் தேடினேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் என்ஜினில் வந்து சேரும் இடத்தில், தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் விளிம்பைச் சுற்றி வெளிறிய இளஞ்சிவப்பில் உப்புப் பூத்திருந்தது.

அந்த இணைப்பை ஆறு மாதத்துக்கு முன்புதான் ஓர் ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்து வாங்கியிருந்தேன். கழற்றிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. பழைய பேக்கிங்கை (கேஸ்கட்) முழுதாகச் சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே சிலிக்கான் பசையை அப்பி மூடியிருந்தார்கள். உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து தெர்மோஸ்டாட்டின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று முதல் இந்த வேலையை நானே செய்கிறேன். கழற்றுவதும் மாட்டுவதும் ஒரு மணி நேரம்கூட ஆகாது. என்ஜின் ஆறக் காத்திருப்பதிலும், இரண்டு உலோகத் தளங்களைப் பளிச்சென்று சுத்தம் செய்வதிலும், கடைசியில் காற்றை வெளியேற்றுவதிலும்தான் நேரம் போகிறது. கசிவு நிற்பதும் நிற்காததும் அந்த மூன்றில்தான் இருக்கிறது. ஆகவே அந்த மூன்றையும் பற்றி இங்கே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த இடத்தில் ஏன் கசிகிறது

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சிறிய குப்பியும் அதன் மேல் ஒரு ஸ்பிரிங் வால்வும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். வெப்பம் ஏறியதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரியில் முழுதாகத் திறந்துவிடும். இந்த வால்வை உள்ளே வைத்து மூடும் உறைதான் ஹவுசிங். பழைய வண்டிகளில் அது அலுமினிய வார்ப்பு. புதிய வண்டிகள் பலவற்றில் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்.

ஒவ்வொரு பயணத்திலும் இந்த உறை சூடாகி விரிகிறது, பிறகு ஆறிச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் வேறு. ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 (அழுத்த அலகான ‘பார்’ கணக்கில்) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுப்புறக் காற்றைவிட அவ்வளவு அழுத்தம் கூடுதலாகச் சேரும்வரை அந்த மூடி திறக்காது என்பதே அதன் பொருள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தமும் கூலன்டின் கலவையும் சேர்ந்துதான் கொதிநிலையை 120 டிகிரிக்கு மேல் தூக்கிப் பிடிக்கின்றன. ஆகவே ஹவுசிங்கில் மயிரிழைக் கசிவு என்றால் கூலன்ட் குறைவதோடு முடிவதில்லை. அழுத்தமும் நிற்காது. சில்க் போர்ட் சிக்னலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போகும் வண்டிக்கு அந்த அழுத்தம்தான் காப்பு.

கசிவு அங்கேதானா என்று உறுதிசெய்யுங்கள்

அவசரப்பட்டு ஸ்பேனரை எடுக்க வேண்டாம். ஏசி ஓடிய வண்டியின் அடியில் சொட்டும் தண்ணீர் நிறமற்றது, வாடையற்றது, தொட்டால் வழவழக்காது. அது எந்தப் பழுதின் அடையாளமும் இல்லை. கூலன்ட் பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு இருக்கும். விரலிடுக்கில் லேசாக வழுக்கும்.

சூடான உலோகத்தின் மேல் கசியும் கூலன்டில் உள்ள தண்ணீர் உடனே ஆவியாகிவிடும். தரையில் ஈரம் தெரியாததற்கு அதுவே காரணம். காய்ந்தபின் எஞ்சும் உப்புத் தடம்தான் சாட்சி. அந்தத் தடத்தில் மிக உயரமான புள்ளியைத் தேடுங்கள். கீழே எங்கே சொட்டினாலும் கசிவு மேலிருந்துதான் வருகிறது. ஹவுசிங்கை ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, இணைப்பைச் சுற்றி ஒரு வெள்ளை டிஷ்யூவைச் செருகிவைத்து, மறுநாள் காலையில் எந்தப் பக்கம் நிறம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கையால் அழுத்தும் பிரஷர் டெஸ்டர் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆறிய என்ஜினில், மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மேல் போகாமல் காற்றேற்றிப் பதினைந்து நிமிடம் முள் இறங்குகிறதா என்று கவனித்தால் போதும்.

ஹவுசிங்கிலேயே நான்கு சந்தேகப் புள்ளிகள் உண்டு. பேக்கிங் உள்ள விளிம்பு ஒன்று. ஹோஸ் மாட்டும் கழுத்து இரண்டு. வெப்ப சென்சார் திருகியிருக்கும் துளை மூன்று. பிளாஸ்டிக் ஹவுசிங்கில் போல்ட் துளையைச் சுற்றி ஓடும் மெல்லிய விரிசல் நான்கு. காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கசிந்து, ஓடிச் சூடானதும் நின்றுவிட்டால் முதலில் ஹோஸ் கிளாம்பைப் பாருங்கள். குளிரில் ரப்பரும் கழுத்தும் சுருங்கி, தளர்ந்த கிளாம்ப் பிடியை விட்டுவிடும். ஒரு கிளாம்ப் மாற்றுவதோடு வேலை முடிந்துபோகலாம்.

வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து சொட்டினால் அது பம்பின் சீல் போனதன் அடையாளம். ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காபி போல நுரை தெரிகிறதா? என்ஜின் சூடான பிறகும் சைலென்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வருகிறதா? அப்படியானால் சிலிண்டர் ஹெட் பேக்கிங் மேல் சந்தேகம் விழுகிறது. அது வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை. அதேபோல உங்கள் வண்டியில் ஹவுசிங் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) அடியில் ஒளிந்திருந்தால், முதல் அனுபவத்துக்கு அந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

என்னென்ன வாங்க வேண்டும்

ஜே.சி. ரோட்டில் மினர்வா சர்க்கிள் பக்கம் வரிசையாக உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. தமிழிலேயே பேசி வாங்கலாம். வண்டியின் மாடலும் ஆண்டும் சொன்னால் மட்டும் போதாது. சேசிஸ் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலில் இரண்டு என்ஜின்கள் வந்திருக்கும். பேக்கிங்கின் வடிவம் மாறும். பழையதைக் கழற்றிய பிறகு போய் வாங்கலாம் என்று நினைத்தால் வண்டி இரண்டு நாள் பிரித்தபடியே கிடக்கும்.

வாங்க வேண்டியவை: புதிய பேக்கிங் அல்லது ஓ ரிங் (ரப்பர் வளையம்), புதிய தெர்மோஸ்டாட், கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட், ஐந்து லிட்டர் கனிமம் நீக்கிய தண்ணீர், ஒரு ஹோஸ் கிளாம்ப். ஹவுசிங் பிளாஸ்டிக்காக இருந்து வண்டிக்குப் பத்து வயதாகியிருந்தால் ஹவுசிங்கையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வெப்பத்தில் வெந்த பிளாஸ்டிக் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், இறுக்கும்போது விரிசல் விடும்.

கருவிகள் அதிகம் தேவைப்படாது. 10, 12 மி.மீ. சாக்கெட்டுகள், ராட்செட், பிளையர், தட்டைத் திருப்புளி, பிளாஸ்டிக் சுரண்டி, 400 எண் உப்புத்தாள், அகலமான தட்டு, புனல், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் ஒன்று இருந்தால் மனத்துக்கு நிம்மதி.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களுக்குள்ளும் படியும். காவிரித் தண்ணீரிலும் கனிமங்கள் உண்டு. பேட்டரிக் கடையில் கிடைக்கும் கனிமம் நீக்கிய தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம். பெங்களூரில் பனி உறையாது, எனவே கூலன்ட் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்று சொல்பவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலைதான். அலுமினியம் அரிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் மற்ற வேலைகள். இங்கே நமக்கு வேண்டியவை இந்த இரண்டும். நிறத்தைப் பார்த்தும் வாங்க வேண்டாம். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வகையைத்தான் பார்க்க வேண்டும். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் துருத் தடுப்புச் சக்தி குறையும், சில நேரம் கஞ்சிபோலத் திரளும்.

ஆறவிடுங்கள், பிறகு வடியுங்கள்

சூடான என்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விலகிய கணத்தில் உள்ளே இருக்கும் கூலன்ட் கொதித்து முகத்தில் அடிக்கும். முந்தைய இரவு நிறுத்திய வண்டியில் காலையில் வேலை தொடங்குவதே என் வழக்கம். மேல் ஹோஸை முழுக் கையால் பிடித்து அழுத்திப் பாருங்கள். வெதுவெதுப்பும் விறைப்பும் இல்லையென்றால் மூடியைத் துணி போட்டு மெல்லத் திருப்புங்கள்.

அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் மின்விசிறி தானாகச் சுழலும். விரல் உள்ளே இருக்கும்போது அது நடக்கக் கூடாது.

ரேடியேட்டரின் அடியில் வடிகால் திருகு இருந்தால் அதையும், இல்லையென்றால் கீழ் ஹோஸையும் தளர்த்தி, தட்டில் வடியுங்கள். முழுதும் வடிக்கத் தேவையில்லை. தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் பக்கம் இருந்தால், ஹவுசிங்கின் மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை இரண்டு லிட்டர் வாக்கில் எடுத்தால் போதும். கீழ் ஹோஸ் பக்கம் தெர்மோஸ்டாட் உள்ள வண்டிகளில் முழுதாக வடித்தாக வேண்டும்.

வடித்த கூலன்டை ஒரு நிமிடம்கூடக் கவனிக்காமல் விடாதீர்கள். பெரும்பாலான கூலன்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். எங்கள் தெருவில் ஆறு நாய்கள் இருக்கின்றன. நான் தட்டை வைத்ததும் முதலில் செய்வது பக்கத்தில் ஒரு மூடி போட்ட கேனைத் தயாராக வைப்பதுதான்.

அதைச் சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம். இந்த நகரத்தின் தென்கிழக்குப் பக்கத்து ராஜகாலுவேக்கள் (பெரிய மழைநீர்க் கால்வாய்கள்) பெல்லந்தூர் ஏரிக்குப் போகின்றன. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அதன்பின் தட்சிண பினாகினி. அந்த ஆறுதான் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுழைந்து, தென்பெண்ணையாகச் சாத்தனூர் அணை வழியே எங்கள் திருக்கோவிலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் குளிக்கும் ஆற்றில் நம் கைக்கழிவைக் கலக்க எனக்கு மனம் வராது. கேனில் அடைத்து, கழிவு எண்ணெயையும் பழைய கூலன்டையும் முறையாக ஒப்படைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுகிறேன்.

கழற்றுவது

மேல் ஹோஸைப் பின்தொடர்ந்தால் ஹவுசிங்கில் போய் முடியும். கழற்றுவதற்கு முன் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளாம்பைத் தளர்த்திப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஹோஸை இடமும் வலமுமாகத் திருகுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் திருப்புளியை உள்ளே செருகி நெம்ப வேண்டாம். பிளாஸ்டிக் கழுத்து உடைந்துவிடும். வெளிப்பக்கமிருந்து பிளையரால் லேசாகப் பிடித்துத் திருகினால் விடுபடும்.

இனி போல்ட்டுகள். இரும்பு போல்ட் அலுமினியத்துக்குள் வருடக்கணக்கில் ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். பலம் கொடுத்தால் தலை முறிந்து தண்டு உள்ளேயே நின்றுவிடும். எனவே முந்தைய இரவே துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்து வையுங்கள். காலையில் முதலில் ஓர் இழை அளவு இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று தளர்த்தி, மீண்டும் கொஞ்சம் உள்ளே விட்டு, மறுபடி வெளியே எடுங்கள். கிறீச்சென்ற சத்தத்தோடு வந்தால் நல்லது. சத்தமே இல்லாமல் ரப்பர்போல இழுபட்டால் உடனே நிறுத்துங்கள். போல்ட் முறியும் நிலையில் இருக்கிறது. இன்னும் ஸ்பிரே, இன்னும் ஒரு மணி நேரம். ராட்செட்டில் நீளக் குழாயை மாட்டி நெம்பும் பழக்கம் மட்டும் இங்கே வேண்டவே வேண்டாம். முறிந்துபோனால் லேத் பட்டறைக்காரரைத்தான் அழைக்க வேண்டும்.

போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லாமலும் இருக்கலாம். அட்டையில் ஹவுசிங்கின் வடிவத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து வந்ததோ அங்கேயே குத்திவையுங்கள். ஹவுசிங்கை ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். தெர்மோஸ்டாட்டை எடுக்கும்முன் எந்தப் பக்கம் உள்ளே பார்த்திருந்தது, அதன் விளிம்பில் உள்ள சிறு ஆடும் ஊசி எந்தத் திசையில் இருந்தது என்பதைப் பாருங்கள்.

தளத்தைச் சுத்தம் செய்வது

நான் அரை மணி நேரத்துக்கும் மேல் செலவிடும் இடம் இது.

முதலில் என்ஜின் பக்கத்துத் துளைக்குள் ஒரு சுத்தமான துணியை உருட்டி அடைத்துவிடுங்கள். சுரண்டும் தூள் உள்ளே விழக் கூடாது. பிறகு பழைய பேக்கிங்கை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் கேஸ்கட் நீக்கும் திரவத்தைத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். எஃகுக் கத்தியால் அலுமினியத்தைச் சுரண்டினால் கோடு விழும். தளத்தைக் குறுக்கே கடக்கும் ஒரே ஒரு கோடு போதும், கூலன்டுக்கு அதுவே வாய்க்கால். மின் டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டையும் வேண்டாம். நொடியில் குழி பறித்துவிடும்.

நிறம் போனால் சுத்தமாகிவிட்டது என்று நம்பக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் விளிம்பைச் சுற்றி வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அடுத்து ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைத் தளத்தின் மேல் நேராக நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். ஸ்கேலுக்கும் தளத்துக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகினால் ஹவுசிங் வளைந்திருக்கிறது. போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்கியதால் இப்படி ஆகும். அலுமினிய ஹவுசிங் லேசாக வளைந்திருந்தால், கண்ணாடித் தகட்டின் மேல் 400 எண் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, ஹவுசிங்கை எட்டு போடும் வாக்கில் தேய்த்துச் சமன் செய்யலாம். முழு விளிம்பும் ஒரே பளபளப்புக்கு வந்ததும் நிறுத்துங்கள். அலுமினியத்தில் பேக்கிங்கின் அகலத்தைத் தாண்டும் அரிப்புக் குழிகள் இருந்தாலோ, பிளாஸ்டிக் ஹவுசிங்கே வளைந்திருந்தாலோ தேய்த்துப் பயனில்லை. புதியது மாட்டுங்கள்.

போல்ட் துளைகளின் மரையையும் மறக்காதீர்கள். உள்ளே கூலன்டோ அழுக்கோ தேங்கியிருந்தால் போல்ட் அடிவரை இறங்காமல் இறுகிவிட்டதுபோல ஏமாற்றும். ஒரு சிறு பிரஷ்ஷை விட்டுச் சுழற்றி, துணித் திரியால் துடைத்து எடுங்கள். கடைசியில் இரண்டு தளத்தையும் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். அதன் பிறகு விரல் படக் கூடாது.

தெர்மோஸ்டாட் சோதனை

புதியதாக இருந்தாலும் சோதிக்காமல் மாட்டாதீர்கள். சமையலுக்கு இனிப் பயன்படுத்தாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்துள்ள எண்ணுக்கு ஒட்டிய வெப்பத்தில் வால்வு பிரியத் தொடங்க வேண்டும். எடுத்து ஆறவிட்டால் முழுதாக மூட வேண்டும். பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியைத் தாண்டாது என்பதால் சில தெர்மோஸ்டாட்டுகள் அடுப்பில் முழுத் திறப்பை எட்டாமல் போகலாம். அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று சில மெக்கானிக்குகள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. டிசம்பர் காலையில் 15 டிகிரி இருக்கும் ஊர் இது. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும்; பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்; ஆயிலில் ஈரம் தங்கும்; தேய்மானம் கூடும். பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் மறுமுனை உள்சுற்றுப் பாதையை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருக்கும். எந்தச் சூட்டுக்குப் பயந்து எடுத்தோமோ அந்தச் சூடே வந்து சேரும்.

மாட்டுவது

மெழுகுக் குப்பியும் ஸ்பிரிங்கும் உள்ள பக்கம் என்ஜினை நோக்கி இருக்க வேண்டும். ஆடும் ஊசி மேல்பக்கம், கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் வர வேண்டும். நிரப்பும்போது சிக்கிய காற்று அந்த ஊசி ஆடும் துளை வழியாகத்தான் வெளியேறும். தெர்மோஸ்டாட் தன் பள்ளத்தில் சமமாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஹவுசிங்கை வையுங்கள். அது சற்றே நழுவி விளிம்பில் ஏறியிருக்கும்போது இறுக்கினால் ஹவுசிங் உடையும்.

ரப்பர் ஓ ரிங்காக இருந்தால் புதிய கூலன்டில் நனைத்து வையுங்கள். கிரீஸ், என்ஜின் ஆயில், வாசலின் எதுவும் படக் கூடாது; இந்த வகை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறிப் புடைத்துவிடும். காகித பேக்கிங்கைப் பெரும்பாலும் உலர்ந்தபடியே வைக்கலாம். கையேடு பசை கேட்டால் மட்டும், நூல் போன்ற மெல்லிய கோடாக இட்டு, குழாயில் எழுதியுள்ள நேரம்வரை காயவிடுங்கள். ரப்பர் சீல் உள்ள ஹவுசிங்குக்குப் பசை அறவே வேண்டாம்.

போல்ட்டுகளை முதல் சில சுற்றுகள் விரலாலேயே விடுங்கள். மரை தவறிக் கடித்தால் விரல் உடனே உணரும், ராட்செட் உணராது. பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 10 மி.மீ. தலை கொண்ட எம்-6 போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் வண்டியின் கையேடு தரும் எண்ணே இறுதியானது. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ராட்செட்டின் கைப்பிடி நுனியைப் பிடிக்காமல் தலைக்கு அருகில் பிடித்து, மணிக்கட்டின் பலத்தால் மட்டும் இறுக்குங்கள். கசியக் கூடாதே என்ற பயத்தில் இன்னும் ஒரு சுற்று கொடுக்கத் தோன்றும். அந்தச் சுற்றில்தான் ஹவுசிங் வளைகிறது.

ஹோஸின் நுனி வெடித்தோ கல்லாக இறுகியோ இருந்தால் மாற்றுங்கள். கழுத்தில் உள்ள மேட்டைத் தாண்டி ஹோஸ் ஏறியிருக்க வேண்டும்; கிளாம்ப் அந்த மேட்டுக்கு உள்பக்கம் அமர வேண்டும்.

நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

இந்தப் பகுதியை அடித்தளப் பார்க்கிங்கில் செய்யாதீர்கள். என்ஜின் அரை மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஸ்டார்ட் செய்யும் முன் வண்டியைத் தள்ளியாவது திறந்தவெளிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மூக்கு மேல்நோக்கி நிற்கும்படி லேசான சரிவில் நிறுத்தினால் காற்று தானாகவே ரேடியேட்டர் வாய்க்கு ஏறிவரும். ஹேண்ட் பிரேக்கோடு பின்சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைக்க மறக்க வேண்டாம்.

வடிகால் திருகை மூடி, பேட்டரி முனையை மாட்டிய பிறகு, பாதிக்குப் பாதி கலந்த கூலன்டைப் புனல் வழியே மெதுவாக ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. வேகமாக ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். இடையிடையே மேல் ஹோஸைக் கையால் பிசைந்துவிடுங்கள். குமிழிகள் களக் களக்கென்று வெளியே வரும். காற்றெடுக்கும் திருகு உள்ள வண்டியில் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் ஒழுகத் தொடங்கியதும் மூடுங்கள்.

ரேடியேட்டர் மூடியை மூடாமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள், முகத்தைத் திறப்புக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அந்தக் கணத்தில் மட்டம் சட்டென்று இறங்கும், ஊற்றி நிரப்புங்கள். மின்விசிறி ஒருமுறை சுழன்று நின்ற பிறகு குமிழிகள் அடங்கியிருந்தால் மூடியைப் போட்டு, விசிறி இன்னொரு முறை சுழலும்வரை விடுங்கள். மூடி ரேடியேட்டரில் இல்லாமல் அழுத்தம் தாங்கும் டேங்கில் மட்டும் இருக்கும் வண்டிகளில், மூடியைப் போட்டுவிட்டுத்தான் சூடாக்க வேண்டும் என்று கையேடு சொன்னால் அப்படியே செய்யுங்கள்.

ஹீட்டரில் சூடான காற்று சீராக வர வேண்டும். டேஷ்போர்டில் வெப்ப முள் ஏறியிருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே ஏர் லாக் (காற்று அடைப்பு) இருக்கிறது. உடனே நிறுத்தி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை எனக்கு மூன்று தடவை ஆயிற்று. மாலை ஆறு மணி வரை இழுத்தது. அவசரத்தில் இப்படியே ஓட்டிக்கொண்டு போனால், புதிய பேக்கிங் போட்ட வண்டியே சிலிண்டர் ஹெட்டை வளைத்துக்கொண்டு நிற்கும்.

அடுத்த மூன்று நாட்கள்

ஹவுசிங்கையும் சுற்றுப்புறத்தையும் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, பழைய உப்புத் தடத்தை முழுதாக நீக்குங்கள். இல்லையென்றால் புதிய கசிவா பழைய கறையா என்று பிறகு தெரியாது. மாட்டிய போல்ட்டுகளின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள்; தளர்ந்தால் தெரியும்.

மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வ் டேங்கில் மட்டம் சற்றுக் குறைந்திருக்கும். உள்ளே எஞ்சிய காற்று வெளியேறி, அந்த இடத்துக்குக் கூலன்ட் போயிருக்கிறது. மேல்கோடுவரை நிரப்பி, அந்த மட்டத்தில் டேங்கின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அன்று அலுவலகம் போய்வாருங்கள். நெரிசலில் நிற்கும்போது முள்ளைக் கவனியுங்கள். இரண்டாம் நாளும் அதே நேரத்தில், அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வண்டி சரிவில் நின்றால் மட்டம் பொய் சொல்லும்.

மூன்றாம் நாள் காலையும் கூலன்ட் டேப்பின் விளிம்பிலேயே நின்று, செருகிவைத்த டிஷ்யூ வெள்ளையாகவே இருந்தால் நீண்ட பயணத்துக்கு வண்டி தயார். ஒரு லிட்டர் கலந்த கூலன்டையும், 10 மி.மீ. சாக்கெட்டையும், பழைய கிளாம்பையும் டிக்கியில் போட்டுக்கொண்டு அதிகாலை நான்கரைக்குக் கிளம்பினால், அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் வரிசை நீள்வதற்குள் ஓசூரைத் தாண்டிவிடலாம். நாங்கள் கிருஷ்ணகிரியில் இட்லி சாப்பிட நிறுத்தியபோது பானட்டை ஒருமுறை திறந்து பார்த்தேன். ஹவுசிங் உலர்ந்தே இருந்தது.